தூண்டிலும் தோளும்

பண்ணைப் பாலத்தில் மாலை வேளைகளில் தூண்டில் போடுவோருள் எமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். வெயில் தணியும்போது வந்தாரெனில் இருட்டும்வரை நிற்பார். மீன் அகப்பட்டால் அயல் வீடுகளுக்கும் பங்கு போகும். அகப்படாவிட்டால் கடற்காற்று அகப்பட்டது என்று சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார். அத்தகையவரை மூன்று ஞாயிறுகளாகக் காணவில்லை. சுகமில்லையோ என்று எண்ணி வீடு தேடிச் சென்றோம்.

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வலத் தோளில் எண்ணெய் பூசிய மினுக்கம். சுவரோரம் தூண்டிற்கோல் சாத்தியிருந்தது. அதில் புத்தம்புதிய றீல் ஒன்று பூட்டப்பட்டிருந்தது.

“என்ன அண்ணை, கடல் கோபமோ?” என்றோம்.

“கடலுக்கு என்ன கோபம், தம்பி? தோள்மூட்டுத்தான் கோபம். பெடியன் ரொறன்ரோவிலையிருந்து அனுப்பின சாமான் இது. பத்துத் தரம் எறிஞ்சு சுத்தினால் கை தூக்க ஏலாது. டொக்டர் கொஞ்ச நாள் ஆறச் சொல்லியிருக்கிறார். இனி விட்டிடுவம் எண்டு யோசிக்கிறன்.”

“மகனுக்குச் சொன்னீர்களா?”

“எப்பிடிச் சொல்லுறது? ஆசைப்பட்டு வாங்கினவன். இருக்கிறதுக்குள்ளை இதுதான் வேகமாம்.”

அந்தக் கடைசி வார்த்தையே இந்த வாரம் இதை எழுதத் தூண்டிற்று. எமது வீட்டில் எந்நாளும் சைவச் சாப்பாடு. தூண்டில் பிடித்து அறியோம். ஆயினும் பௌதிகவியல் படிப்பிப்பதே எமது தொழில். வேகமானது என்றால் இலேசானது என்று பொருளா? பெரியவரின் தோள் நோவுக்கான காரணம் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கக் கண்டோம்.

மகன் அனுப்பிய றீல் மஸ்கி எனும் மீனைப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் உள்ள ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன் அது. நீண்ட உடலும் கூரிய பல்லும் உடையது. ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். பார்வைக்கு எமது கடலின் சீலாவை நினைவூட்டுவது. அதனைப் பதினாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர் சொல்வதுண்டு. அத்தனை அரிதாகவே அது அகப்படும். பொய்யிரையைப் படகுவரை பின்தொடர்ந்து வந்து, கடைசி நேரத்தில் திரும்பிப் போய்விடுவதும் அதன் குணம். ஆகவே அதனைத் தேடுவோர் கனத்த பொய்யிரைகளை நாள் முழுவதும் எறிந்து எறிந்து இழுக்கின்றனர். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் நோவது அவர்களுக்குள் பொதுவான குறை. எந்த றீலை எடுத்தால் கை களைக்காது என்பது அங்கும் ஓயாத விசாரணை. பண்ணையில் சீலாவுக்கும் பாரைக்கும் கொடுவாவுக்கும் பொய்யிரை எறிபவருக்கும் கேள்வி அதுவே.

றீல் என்பது புதுமைப் பொருளன்று. சீன ஓவியர் மா யுவான் ஏறக்குறைய 1195 ஆம் ஆண்டில் வரைந்த ஓவியமொன்றில், தனியே படகிலிருந்து மீன்பிடிக்கும் ஒருவனின் கோலில் சக்கரம் பூட்டியிருப்பதைக் காணலாம். நூலைச் சுற்றி வைப்பதே அன்று அதன் முதன்மையான வேலை. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துக் கடிகாரக் கம்மியர்கள் பற்சக்கரங்கள் பொருத்திய றீல்களை உருவாக்கினர். கைபிடியை ஒருமுறை சுற்றினால் நூலுருளை பலமுறை சுற்றும்படி செய்தனர். 1905 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரத்து நெசவுத் தொழிலதிபர் இலிங்வேர்த், உருளை அசையாது நிற்க அதன் விளிம்பால் நூல் கழன்றோடும் வேறொரு வகைக்கு உரிமம் பெற்றார்.

கென்ரக்கிக் கம்மியர் பொருத்திய பற்சக்கரத்தில்தான் விடயம் இருக்கிறது. பற்சக்கரம் என்றதும் அது பலத்தைப் பெருக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். வகுப்பில் மாணவரைக் கேட்டோம். ஏழு மடங்கு றீலா, ஐந்து மடங்கு றீலா, எது கைக்கு இலேசு? ஏழு என்றே பலர் சொன்னார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. றீலின் பற்சக்கரம் பெருக்குவது வேகத்தை. அதற்கு விலையாகக் கொடுப்பது எமது பலத்தை.

சைக்கிள் ஓட்டும் யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சோளகக் காற்றுக் காலத்தில் பண்ணையால் வேலணைப் பக்கம் சைக்கிளில் போனவர் அறிவர். மிதிக்கும் இடத்தில் பெரிய சக்கரமும் பின்னே சிறிய சக்கரமும் இருப்பதால், ஒரு மிதியில் சைக்கிள் வெகுதூரம் ஓடுகிறது. காற்று முதுகில் அடிக்கும்போது அது சுகம். முகத்தில் அடிக்கும்போது தொடை இறுகி, இறங்கி உருட்டுவோமா என்று தோன்றுகிறது. கியர் உள்ள சைக்கிளை வைத்திருக்கும் இளைஞரோ கியரைக் குறைத்துக்கொண்டு, கால் பலமுறை சுழல, மெல்ல மெல்லக் கடந்துவிடுகிறார். நீரில் இழுபடும் பொய்யிரை, றீல் சுற்றுபவருக்கு எதிர்காற்றைப் போன்றது.

கணக்கிட்டும் பார்ப்போம். மாணவர் கடதாசி எடுத்துக்கொள்க. நூலோடு சேர்ந்து உருளையின் விட்டம் 3.5 சென்ரிமீற்றர் எனில், அதன் சுற்றளவு ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர். ஐந்து மடங்கு றீல் கைபிடியின் ஒரு சுற்றுக்கு 55 சென்ரிமீற்றர் நூலை இழுக்கும்; ஏழு மடங்கு றீல் 77 சென்ரிமீற்றர் இழுக்கும். நீரில் பொய்யிரை ஒரு கிலோகிராம் நிறைக்குச் சமமாக எதிர்த்து இழுக்கிறது என்று கொள்வோம். கைபிடியின் நீளம், நடு அச்சிலிருந்து 5 சென்ரிமீற்றர். உராய்வை விட்டுவிட்டால், ஐந்து மடங்கில் விரல்கள் 1.75 கிலோகிராம் அளவு பலத்தைக் கொடுக்க வேண்டும். ஏழு மடங்கில் 2.45. நூற்றுக்கு நாற்பது வீதம் கூடுதல்!

20 மீற்றர் தூரம் எறிந்ததை இழுத்து முடிக்க ஐந்து மடங்குக்கு 36 சுற்றுக்கு மேல் வேண்டும். ஏழு மடங்குக்கு 26 போதும். மொத்த வேலை இரண்டிலும் ஒன்றே. இயற்கை எவருக்கும் இனாம் கொடுப்பதில்லை. ஆனால் எமது தசைநார்கள் வேலையை மட்டும் எண்ணுவனவல்ல. ஒவ்வொரு முறையும் எவ்வளவு இறுக வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணுகின்றன. தன் எல்லையை நெருங்கி இறுகும் தசை விரைவில் சோரும். இலேசாகப் பலமுறை அசையும் தசை நெடுநேரம் தாங்கும். அரிசி மூடையை ஒரேயடியாகத் தூக்குபவரையும் சிறு பையாகப் பலமுறை சுமப்பவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

“வேகமான றீலை மெதுவாகச் சுற்றினால் என்ன?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. மெதுவாக இழுத்தால் நீரின் எதிர்ப்புக் குறையும். அது எந்த றீலுக்கும் பொருந்தும். ஆனால் பொய்யிரை அதே கதியில் வரவேண்டுமெனில், எதிர்ப்பும் அதே அளவே இருக்கும். அப்போது கை மெதுவாகச் சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த 2.45 குறையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியில் அச்சிட்ட மடங்கு எண்ணை மட்டும் நம்பி வாங்கலாகாது. உருளை பெரிதானால் மடங்கு குறைந்த றீலும் கூடிய நூலை இழுத்து அதற்கேற்பக் கையையும் வருத்தும். ஆகவே கேட்க வேண்டியது, ஒரு சுற்றுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்பதே. வீட்டிலும் அளக்கலாம். நூலில் மையினால் ஓர் அடையாளமிட்டுக் கைபிடியை ஒரே ஒரு தரம் சுற்றி, அடையாளம் நகர்ந்த தூரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும்.

இனிக் கைபிடி. மேற்கண்ட கணக்கில் 5 சென்ரிமீற்றர்க் கைபிடியை 6 ஆக்கினால், 1.75 என்பது 1.46 ஆகக் குறைகிறது, 2.45 என்பது 2.04 ஆகிறது. பல றீல்களில் கைபிடியை மாற்றலாம். விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கும் சிறு குமிழை விட, உள்ளங்கை நிறையும் பெரிய குமிழ் நல்லது. கிள்ளிப் பிடிப்பதே பாதிக் களைப்பு.

அடுத்தது பாரமும் சமநிலையும். சுற்றும் கை அசைகிறது. கோலைத் தாங்கும் கையோ அசையாமல் இறுகி நிற்கிறது. அசையாது இறுகிய தசைக்குள் இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு குருதியோட்டம் குறைகிறது. ஆகவே அது விரைவில் நோகிறது. கனத்த றீலினால் வரும் துன்பம் இதுவே. ஆயினும் பாரம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் கேள்வி.

எமது தோட்டக் கிணறுகளின் துலாவை நினைவுகூர்க. ஆடுகாலில் ஏறிய நீண்ட மரம்; அதன் பருத்த அடிப்புறத்தின் பாரமே நீர் நிறைந்த பட்டையை மேலே தூக்க உதவியது. அடிப்பாரம் இல்லாத துலாவை எந்தத் தோட்டக்காரரும் விரும்பியிருக்கமாட்டார். தூண்டிற்கோலும் ஒரு துலாவே. எமது மணிக்கட்டே அதன் ஆடுகால். றீல் பூட்டிய கோலை, றீலுக்குச் சற்று முன்னே ஒரு விரலின்மேல் வைத்துப் பாருங்கள். நுனி தாழ்ந்து விழுந்தால், மாலை முழுவதும் அந்த விழுகையை மணிக்கட்டே தடுத்துக்கொண்டிருக்கும். அடிப்பிடி நீண்ட கோலை எடுத்து அதனை முழங்கையின் கீழ் அண்டக் கொடுப்பது ஒரு வழி. அடி நுனியில் சிறிது பாரம் சேர்ப்பது இன்னொன்று. அளவோடு சேர்க்க வேண்டும். சமநிலை தேடிப் போய்ச் சுமையைக் கூட்டிவிடலாகாது.

எறிதலையும் மறக்கலாகாது. ஒரு கையால் எறிபவரின் தோளே முழுச் சுமையையும் ஏற்கிறது. இரு கையாலும் பிடித்து, மேற்கை தள்ளக் கீழ்க்கை இழுக்க எறிந்தால் சுமை பங்கிடப்படும். அத்துடன் வலக் கையால் எறிபவர் இடப்புறம் கைபிடியுள்ள றீலை எடுத்தால், ஒவ்வொரு வீச்சுக்கும் கோலைக் கைமாற்றும் வேலை மிச்சம். நோகும் தோளுக்குச் சுற்றும் வேலையும் இல்லை.

அப்படியாயின் வேகமான றீல் வீணா? இல்லை. நீரில் அதிகம் எதிர்க்காத மெல்லிய பொய்யிரைக்கும், கோலை வெட்டி வெட்டி இழுத்தபின் தளரும் நூலை உடனே சுருட்டுவதற்கும், கௌவிய மீன் எம்மை நோக்கிப் பாயும்போதும் அதுவே உதவும். இரட்டைத் தகடுகள் சுழன்று நீரை உழுதுவரும் பெரிய பொய்யிரைக்கும் ஆழமாக இறங்கி வரும் பொய்யிரைக்கும் தாழ்ந்த மடங்கே தக்கது.

இவற்றையெல்லாம் அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம் சொன்னோம். அவருடைய பழைய றீல் அலுமாரியின் மேல் கிடந்தது. அளந்து பார்த்தபோது ஒரு சுற்றுக்கு 50 சென்ரிமீற்றர், கைக்குப் பொருத்தமானதே. ஆனால் உப்பு ஏறி இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தைக் கண்டுதான் மகன் புதியது அனுப்பினாராம். உராய்வும் ஒரு சுமையல்லவா! கழற்றி நன்னீரில் கழுவி, துடைத்து உலர்த்தி, எண்ணெயிட்டோம். விரலால் தட்டியதும் சுழன்றது. கடலிலிருந்து வந்ததும் நனைந்த துணியால் உப்பைத் துடைப்பது எந்த விலையுயர்ந்த றீலை விடவும் மலிவான வைத்தியம் என்பதை அன்று கண்டோம்.

அன்றிரவு மகன் வீடியோவில் அழைத்தபோது நாமும் அருகிலிருந்தோம். பெரியவர் ஒருவாறு விடயத்தைச் சொல்லிவிட்டார். மறுபுறம் சிறிது நேரம் பேச்சில்லை.

“முந்தியே சொல்லியிருக்கலாமே, அப்பா.”

“நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், தம்பி.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பாரம் இறங்கியதை நாம் உணர்ந்தோம்.

வைத்தியர் அனுமதித்த பின்னர் பெரியவர் மீண்டும் பண்ணைக்கு வருகிறார். நாற்பது வீச்சு என்று கணக்கு வைத்துக்கொண்டு, இடையிடையே உட்கார்ந்து இளைப்பாறுகிறார். புதிய றீல் பக்கத்தில் நிற்கும் இளைஞன் ஒருவனுக்கு மாலைதோறும் இரவல். இருபது வயதுத் தோளுக்கு ஏழு மடங்கு ஒரு பொருட்டன்று; மகனின் பரிசும் பெரியவரின் கண்முன்னே உழைக்கிறது.

கருவி எதுவாயினும், கடையில் உள்ளவற்றுள் சிறந்தது எது என்று கேட்பதே எமது வழக்கம். அதைப் பிடிக்கப்போகும் கை யாருடையது என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. தாய்க்கு அம்மி வாங்கினாலும், பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கினாலும், தந்தைக்குத் தூண்டில் வாங்கினாலும் அந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவோம். கடல் கடந்து இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.