விழிப்புணர்வு வந்தால் போதுமாம்

ஒவ்வொரு அக்டோபரிலும் வனஉயிரின வாரம் வந்தால் மணலூர்பேட்டைச் சுற்றுவட்டாரப் பள்ளி மேடைகளில் ஒரே பேச்சுதான். புலி, சிங்கம் போன்றவற்றை மறுபடியும் காட்டில் விடுவதை மக்கள் எதிர்ப்பது அறியாமையாலாம். விழிப்புணர்வு வந்தால் அவர்களே வரவேற்பார்களாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

புலி இருந்தால் காடு, காடு இருந்தால் ஆறு என்பார்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கியதைப் பார்த்த ஊர் இது. புலியைக் கேட்டா ஷட்டரைத் தூக்கினார்கள்?

அடுத்து, பழங்குடிகளுக்குப் புரிய வைக்க வேண்டுமாம். மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வாருங்கள். குஜராத்தின் கிர் சிங்கங்களுக்கு இடம் வேண்டும் என்று அங்கே 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். வீடும் வயலும் போயின, சிங்கம் வரவில்லை. தரமாட்டேன் என்றது குஜராத் அரசு. ஆறு மாதத்தில் அனுப்பு என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியும் ஒரு குட்டிகூட நகரவில்லை. காந்திநகர் தலைமைச் செயலகத்தில் ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டிருக்கலாமே! அதிகாரிகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, ஜெயித்தவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்திருக்கலாம். மலைவாசி மறுத்தால் அறியாமை, மாநில அரசு மறுத்தால் மாநிலப் பெருமை.

அதே குனோவில் 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. நாடே கைதட்டியது, பெயர் வைக்கப் போட்டிகூட நடந்தது. பெயர் எழுதி அனுப்பியவர்களில் எத்தனை பேர் வீட்டுத் தொழுவத்தில் கன்றுக்குட்டி நின்றது? சுற்றுக் கிராமங்களிலோ 'சீட்டா மித்ரா' என்று நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலியும் குட்டிகளும் மாட்டின்மேல் பாய்ந்ததும் ஊரார் கல்லை எடுத்துவிட்டார்கள்.

ஒடிசாவின் சட்கோசியாவில் 2018இல் விட்ட இரண்டு புலிகளில் ஆண்புலி அந்த நவம்பரிலேயே செத்துக் கிடந்தது. ஒரு பெண்ணைக் கொன்றதாகப் பழி விழுந்த பெண்புலி சுந்தரியை 2021இல் திருப்பி அனுப்பினார்கள்.

மாடு போனால் இழப்பீடு தருகிறோமே என்பார்கள். தருகிறார்கள், அலையவிட்டு.

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலைமக்களின் நிலையை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தபோது எழுந்த பேச்சு சாலையைப் பற்றி, அடிப்படை வசதிகளைப் பற்றி. அங்கே போய்ப் புலியின் அருமையைச் சொல்ல நினைப்பவர்கள், வெள்ளிமலையில் மைக்கைப் பிடிக்கும் முன் வன உரிமைப் பட்டா கேட்டு வந்த மனுக்களைப் புரட்டிவிட்டு வரட்டும்.