ஆசிரியர் தனக்கே போடும் மதிப்பெண்

மாணவனுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு யார் மதிப்பெண் போடுவது? அவரே போட்டுக்கொள்ளட்டும் என்றது என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காக 2013-ல் அது கொண்டுவந்த 'பிண்டிக்ஸ்' படிவத்தில் ஏழு தரநிலைகள். பாடத்தைத் திட்டமிடுவது, பாட அறிவு, கற்பிக்கும் முறை என்று போய்க் கடைசியில் பள்ளிக்கு ஒழுங்காக வருவதும் அதில் ஒன்று (இதற்கும் ஒரு தரநிலை!). ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை ஆசிரியரே போட்டுக்கொள்ள வேண்டும்.

யோசனை நல்லதுதான். 'நன்றாகத்தான் நடத்துகிறோம்' என்று பொதுவாக நினைத்துக்கொள்வது வேறு. பின்தங்கிய பையனுக்கு இந்த மாதம் என்ன செய்தோம் என்று தன்னையே கேட்டுப் பார்ப்பது வேறு. ஆனால் அதே படிவத்தை வைத்துத் தலைமையாசிரியரும் மதிப்பிடுவார். மேலே போகிற தாளில் தனக்கே 1 போட்டுக்கொள்ள எவருக்குத் துணிச்சல் வரும்? விடைத்தாளை மாணவனையே திருத்தச் சொல்லி, அந்த மார்க்கை ரேங்க் கார்டிலும் ஏற்றினால் அவன் என்ன செய்வானோ, அதைத்தான் ஆசிரியரும் செய்வார். 1 போட்டவருக்குப் பயிற்சி கிடைக்கும், விளக்கம் கேட்கும் கடிதம் வராது என்ற உறுதி முதலில் வேண்டும்.

2020 கல்விக் கொள்கையோ, ஆசிரியர்களுக்கான தேசியத் தரநிலைகளைச் சம்பள உயர்வோடும் பதவி உயர்வோடும் சேர்த்தே பேசுகிறது. அப்படியானால் இனி 3 போடுவதற்குக்கூட ஆள் கிடைப்பது கஷ்டம்.