கருங்கோழி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோழியைக் குழம்புச் சட்டியில் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் கூட கடக்நாத் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இறகு கறுப்பு, கொண்டை கறுப்பு, கால் கறுப்பு, நாக்கு கறுப்பு. அறுத்துப் பார்த்தால் கறியும் எலும்பும் கூடக் கறுப்பு! (முட்டை மட்டும் வெளிர் பழுப்புதான். கறுப்பு முட்டை என்று இணையத்தில் சுற்றும் படங்களை நம்பி ஏமாற வேண்டாம். ரத்தமும் சிவப்புதான்.)

இதன் சொந்த ஊர் மத்தியப் பிரதேசத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜாபுவா மாவட்டம். பில், பிலாலா பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தது. அங்கே இதற்கு 'காலி மாசி' என்று பெயர், அதாவது கறுப்புக் கறி. இதன் கறிக்குப் புவிசார் குறியீடு கேட்டு ஜாபுவாவும் சத்தீஸ்கரின் தண்டேவாடாவும் மல்லுக்கட்டி, கடைசியில் 2018ல் ஜாபுவாவுக்குக் கிடைத்தது. 2020ல் தோனி தன் ராஞ்சிப் பண்ணைக்கு 2000 குஞ்சுகள் கேட்டிருக்கிறார் என்று செய்தி வந்ததும் கேட்கவே வேண்டாம், ஊருக்கு ஊர் கருங்கோழி மோகம் கிளம்பிவிட்டது.

விலையைக் கேட்கிறார்கள், மருத்துவ குணம் உண்டா என்று கேட்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: இந்தக் கோழியின் குணம் எப்படி?

மனிதரிடம் வம்புக்கு வராத கோழிதான். ஆனால் ஒட்டவும் ஒட்டாது. எப்போதும் உஷாராக இருக்கும். காலடிச் சத்தம் கேட்டாலே ஓடும், சுவரேறும், கிளையேறும். அசில் இதற்கு நேர் எதிர். வளர்ப்பவர் கையில் பூனை போல உட்காரும், இன்னொரு சேவலைக் கண்டால் கொலைவெறி. கடக்நாத்தை மடியில் வைத்துக் கொஞ்ச நினைக்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஏமாற்றம்தான். மேய்ச்சலில் மட்டும் குறை சொல்ல முடியாது. கரையான், பூச்சி, புல், சிந்திய தானியம் என்று தானே தேடித் தின்னும். இடம் இருந்தால் ராஜா. நாலடிக்கு நாலடி கூண்டில் பத்தை அடைத்தால் ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கிவிடும்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. உண்மையான சிக்கல் வேறு. கடக்நாத் பெட்டை சரியாக அடைகாக்காது.

இதில் என்ன இருக்கிறது, இன்குபேட்டர் இருக்கிறதே என்று தோன்றலாம். கொல்லைக் கோழி வளர்ப்பின் கணக்கே அடைக்கோழியை வைத்துத்தான் ஓடுகிறது. 21 நாள் முட்டையைச் சூடாக வைத்துத் திருப்பிவிடுவது அவள். பொரிந்த பிறகு முதல் வாரம் குஞ்சுக்குத் தேவைப்படும் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தைச் சிறகுக்குள் தருவதும் அவள். எதைத் தின்னலாம் என்று கொத்திக் காட்டுவது, பருந்து நிழல் விழுந்தால் ஒரே குரலில் எல்லாவற்றையும் ஒளியச் சொல்வது, கீரி வந்தால் சிலிர்த்துக்கொண்டு பாய்வது, எல்லாம் அவளே. சம்பளம் ஒரு பிடி தவிடும் நொய்யும். இத்தனை வேலையையும் மெஷினிடம் கொடுத்தால் இன்குபேட்டர், பல்பு, தடுப்பு, குஞ்சுத் தீவனம் என்று செலவு வரிசையாக வந்து நிற்கும். கிராமத்தில் ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

முட்டையிலாவது ஈடு கட்டுமா? ஆண்டுக்கு 80லிருந்து 100 வரை இடும். சாதாரண நாட்டுக்கோழியை விடக் கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனால் அடைக்கு உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். முட்டைக்கு வரவே ஆறு மாதம் ஆகும். வளர்ந்த பெட்டை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. சேவல் இரண்டு கிலோவைத் தொட்டால் பெரிது. ஆக லாபம் முழுக்க 'கறுப்பு' என்ற பெயருக்குக் கிடைக்கும் விலையில்தான் இருக்கிறது. அந்த விலையை நம்பித்தான் மகாராஷ்டிரத்தின் சாங்லிப் பக்கம் ஏராளமான விவசாயிகள் பணம் கட்டிக் குஞ்சு வாங்கினார்கள். வளர்த்துக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் வாங்கவில்லை, 2019ல் அது பெரிய மோசடி வழக்காக வெடித்தது. தீவனம் போடக் காசில்லாமல் கோழியோடு நின்றவர்களின் நிலையை நினைத்தால், விளம்பரம் பார்த்து முடிவெடுக்கக் கை வராது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. உடம்பு முழுக்க இப்படி மெலனின் (நம் தலைமுடியில் இருக்கும் அதே நிறமிதான்) படிவதற்குக் காரணமான மரபணு ஓங்கு தன்மை உள்ளது. பத்தாம் வகுப்பு மெண்டல் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கடக்நாத் சேவலைக் கறுத்த கால் உள்ள நாட்டுப் பெட்டையோடு சேர்த்தாலே குஞ்சுகள் கறுப்பாக வரும். அதைப் 'பியூர் கடக்நாத்' என்று விற்பவரை நிறத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

கருங்கோழிக்கு நோயே வராது என்பது அடுத்த கதை. தாங்கும் சக்தி உண்டு, சரி. வெள்ளைக் கழிச்சல் வந்தால் மற்றக் கோழிகளைப் போல இதுவும் கழுத்தைத் திருகிக்கொண்டு சாகும். முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும், பிறகும் தடுப்பூசிகள் உண்டு. கால்நடை மருத்துவமனையில் கேட்டாலே சொல்வார்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். ஆனால் கடக்நாத்தை மட்டும் வாங்கிக் கொல்லையை நிரப்பக் கூடாது. தமிழ்நாட்டில் அதற்குப் பொருத்தமான துணை ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் சிறுவிடை. உடம்பு சின்னது, அடைக்கு உட்கார்ந்தால் கையைக் கொத்திக் கிழிக்கும் அளவுக்குப் பிடிவாதம். மூன்று கடக்நாத் பெட்டைக்கு இரண்டு சிறுவிடைப் பெட்டை, சேவல் ஒன்றே ஒன்று, அதுவும் கடக்நாத் என்று வைத்துக்கொண்டால் மெஷின் இல்லாமலே ஓடும். சிறுவிடை அடைக்கு உட்கார்ந்ததும் அவள் முட்டைகளை எடுத்துவிட்டு, பென்சிலால் குறி போட்ட கடக்நாத் முட்டை எட்டை இரவில் அடியில் வைத்துவிட வேண்டும். பகலில் வைத்தால் சில கோழிகள் எழுந்து போய்விடும். பொரிந்த குஞ்சை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டால் சில பெட்டைகள் கொத்தித் துரத்தும், தன் அடியிலேயே பொரிந்ததென்றால் நிறத்தைப் பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும். முதல் பத்து நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, பிறகு திறந்துவிட்டால் கறுப்புக் குஞ்சுகள் எட்டும் அவள் பின்னாலேயே மேயப் போகும்.