ஒரு மேற்கோளும் ஒரு மடலும்



2006 செப்டம்பர் 12-ம் நாள், பாப்பரசர் 16-ம் பெனடிக்ட், தாம் முன்பு பேராசிரியராய் இருந்த ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். உரை என்றா சொன்னேன்? அதனால் எழுந்த கூக்குரல்தான் நினைவிருக்கும்.

விசுவாசமும் பகுத்தறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவ்வுரையின் பொருள். அதன் கண்டனம் பெரும்பாலும், கடவுளை அறிவுலகினின்று ஒதுக்கிவிட்ட மேலைநாட்டாரை நோக்கியதே. தொடக்கத்தில் மட்டும், 14-ம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியப் பேரரசர் 2-ம் மனுவேல் ஒரு பாரசீக முஸ்லிம் அறிஞரோடு நடத்திய உரையாடலை எடுத்துக்கொண்டு, நபிகள் நாயகத்தைப் பற்றி அம்மன்னர் கூறிய கடுஞ்சொல் ஒன்றை மேற்கோள் காட்டினார். மன்னரின் பேச்சு திடுக்கிடச் செய்யும் கடுமை உடையது என்றும் சேர்த்தே சொன்னார். செய்தி உலகைச் சுற்றியபோது மேற்கோள் நிலைத்தது. சேர்த்துச் சொன்னது உதிர்ந்தது.

பாலஸ்தீனத்தில் ஆலயங்கள் தாக்கப்பட்டன. அம்மாதம் 17-ம் நாள், சோமாலியாவின் மொகதிஷுவில் தாதியருக்குப் பயிற்சியளித்து வந்த இத்தாலியக் கன்னியர் லியோனெல்லா சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு மாண்ட காவலர் ஒரு முஸ்லிம். அவரை நினைப்பார் எத்தனை பேர்? அதே நாளில் பாப்பரசர், அம்மேற்கோள் தம் கருத்தன்று எனக் கூறி வருத்தம் தெரிவித்தார்.

நிருபர்களை மட்டும் பழித்துவிட்டு நாம் தப்பிக்க இயலாது. கல்விக்கூட மேடையே ஆயினும் பாப்பரசரின் சொல் உலகின் செவிக்கே செல்லும். அந்த மேற்கோளை அவர் தவிர்த்திருக்கலாம் என்பது, பங்குக்குருவாகிய என் பணிவான எண்ணம். ஞாயிறு காலைப் பிரசங்கத்தில் நான் சொன்ன உவமை, மாலைக்குள் தேநீர்க்கடையில் வேறு உருக்கொண்டு என் காதுக்கே திரும்பியதுண்டு!

பிறகு நடந்ததைத்தான் பலர் அறியார். மறுமாதமே 38 முஸ்லிம் அறிஞர்கள் பாப்பரசருக்குத் திறந்த மடல் எழுதினர். அவரது வருத்தத்தை ஏற்றுக்கொண்டனர். பிழைகளையும் மரியாதையோடு சுட்டினர். மதத்தில் கட்டாயம் கூடாதெனும் குர்ஆன் வசனம், நபிகள் வலிமையற்றிருந்த தொடக்க காலத்தது என்று உரையில் வந்திருந்தது. அன்று, அது முஸ்லிம்கள் மதீனாவில் வலிமை பெற்ற காலத்தது என்று அவர்கள் விளக்கினர். ஆத்திரமில்லை, அறிவுண்டு. 2007 அக்டோபர் 13-ம் நாள் 138 அறிஞர்கள் கையொப்பமிட்ட மற்றொரு மடல், இறையன்பும் பிறரன்பும் இரு சமயத்தார்க்கும் பொதுவெனக் காட்டி, பாப்பரசருக்கும் ஏனைய சபைத் தலைவர்களுக்கும் விடுக்கப்பட்டது. அதன் பயனாய் 2008 நவம்பர் 4 முதல் 6 வரை இரு தரப்பினரும் ரோமையில் கூடினர். அமெரிக்காவில் ஒபாமா தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாட்கள்! நாளேடுகளில் இவர்களுக்கு எங்கே இடம்?

இதற்கு நேர்மாறான குறையும் ஒன்றுண்டு. 2019 பிப்ரவரி 4-ம் நாள் அபுதாபியில் பாப்பரசர் பிரான்சிசும் அல்-அஸ்ஹர் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் கையொப்பமிட்டபோது, இருவரும் தழுவிக்கொண்ட படம் எங்கும் வெளிவந்தது. அந்த ஏட்டிலோ, எல்லாருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும், சிறுபான்மையர் என்ற சொல்லைப் பாகுபாடாக ஆள்வதைக் கைவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் பார்த்த படங்கள் ஒன்றின் கீழும் இச்செய்தி இல்லை.