சோவியத் பதக்கம் வாங்கினால் சிறையா? ஒரு ஊரில் ஹாபி, இன்னொரு ஊரில் குற்றம்... என்ன காரணம்?

ஒவ்வொரு ஆண்டும் மே 9 வந்தால் ரஷ்யாவில் வெற்றி தினக் கொண்டாட்டம். மார்பு முழுக்கப் பதக்கங்களோடு முதியவர்கள் நடந்து வரும் படங்களை நாமும் பார்த்திருப்போம். அதே நாளில் ஜெர்மனித் தலைநகர் பெர்லினில் நிலைமை வேறு. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல், அங்குள்ள சோவியத் நினைவிடங்களில் மே 8, 9 தேதிகளில் சோவியத் கொடி, ராணுவ உடை போன்றவற்றுக்கு போலீஸ் தடை போட்டது. போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்களுக்கு விலக்கு இருந்தது.

ஆனால் அதே பெர்லினில், செக்பாயின்ட் சார்லி பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு சிவப்பு நட்சத்திரம் குத்திய தொப்பி விற்றதும் நடந்த கதைதான். உலகம் முழுக்க இந்தப் பொருட்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சரி, இதில் எது ஹாபி, எது குற்றம்? பார்க்கலாம்.

இவ்வளவு பதக்கங்கள் சந்தைக்கு எப்படி வந்தன?

முதல் காரணம், எண்ணிக்கை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கொடுக்கப்பட்ட 'ஜெர்மனி மீதான வெற்றி' பதக்கம் மட்டும் சுமார் 1.49 கோடி பேருக்குப் போனது. வெள்ளியில் செய்த 'சிவப்பு நட்சத்திர' விருது சுமார் 38 லட்சம் முறை வழங்கப்பட்டது.

இரண்டாவது காரணம், பசி. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் உடைந்தது. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி 25 மடங்குக்கும் மேல் ஏறியது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணம் சில மாதத்தில் செல்லாக்காசு போல ஆனது. பென்ஷனை நம்பியிருந்த முதியவர்கள் வீட்டில் இருந்ததை எடுத்து வந்து தெருவில் விற்றார்கள். அதில் பதக்கமும் இருந்தது. மாஸ்கோவின் அர்பாட் தெருவும் இஸ்மாயிலோவோ சந்தையும் வெளிநாட்டவர்களிடம் பிரபலமானது இப்படித்தான்.

கிழக்கு ஜெர்மனியில் ராணுவமே கலைக்கப்பட்டது. ஜெர்மனி இணைவதற்கு முந்தைய நாள், அதாவது 1990 அக்டோபர் 2 அன்று அந்த ராணுவத்தின் கதை முடிந்தது. கிடங்குகளில் இருந்த சீருடைகளும் தொப்பிகளும் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

எதற்கு மதிப்பு அதிகம்?

கோடிக்கணக்கில் கொடுக்கப்பட்ட பதக்கங்கள் வெளிநாட்டுச் சந்தையில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். கொம்சோமோல், ஒலிம்பிக், விண்வெளி என்று அச்சடித்த சின்னச் சின்ன பேட்ஜ்கள் அதைவிட மலிவு. சோவியத் காலத்திலேயே பேட்ஜ் சேர்ப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு.

உச்சத்தில் இருப்பது 'வெற்றி' விருது. 1943 நவம்பரில் உருவாக்கப்பட்டது. பிளாட்டினத்தில் வைரம் பதித்தது. மொத்தமே 20 முறைதான் கொடுத்தார்கள். ஸ்டாலின், ஜுகோவ், அமெரிக்காவின் ஐசனோவர் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. 1978-ல் பிரெஷ்னேவுக்குக் கொடுத்தது மட்டும் 1989-ல் ரத்தானது, விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று.

ஆனால் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது தங்கத்தையோ வைரத்தையோ இல்லை, பின்பக்கம் இருக்கும் எண்ணைத்தான். சோவியத் 'ஆர்டர்' வகை விருதுகளில் பெரும்பாலானவற்றில் வரிசை எண் இருக்கும். அதே எண் வீரரின் விருதுக் கையேட்டிலும், ராணுவ ஆவணத்திலும் பதிவாகியிருக்கும். அந்த எண்ணை வைத்து அவர் யார், எந்தப் படைப்பிரிவு, எந்தச் சண்டையில் என்ன செய்தார் என்பது வரை கண்டுபிடிக்க முடியும். 2010-ல் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 'மக்களின் வீரம்' என்ற பெயரில் போர்க்கால விருது ஆவணங்களை இணையத்திலேயே வெளியிட ஆரம்பித்தது.

அதனால்தான் ஆவணத்தோடு வரும் விருதுக்கும், வெறும் உலோகத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம்.

ரஷ்யாவில் வாங்கினால் என்ன ஆகும்?

ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 324-வது பிரிவு, அரசு விருதுகளைச் சட்டவிரோதமாக வாங்குவது, விற்பது இரண்டையும் குற்றம் என்கிறது. இப்போதைய ரஷ்ய விருதுகள் மட்டுமல்ல, சோவியத் விருதுகளும் இதில் அடங்கும். அபராதம் 80 ஆயிரம் ரூபிள் வரை போகலாம். அபராதத்துக்குப் பதிலாகக் கட்டாய வேலை, சில மாதக் காவல் என்ற தண்டனைகளும் சட்டத்தில் உண்டு.

பேட்ஜ், தொப்பி, பழைய சீருடை போன்றவை அரசு விருதுகள் இல்லை என்பதால் இந்தப் பிரிவில் வராது.

மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் நம்ம ஊர் மாணவர்கள் இதைக் கவனிக்கணும். சந்தையில் ஒருத்தர் விற்கிறார் என்பதாலேயே அது சட்டப்படி சரின்னு ஆகிடாது. 'அப்பாவுக்கு கிஃப்ட்' என்று வாங்கிப் பெட்டியில் வைத்த பதக்கம், விமான நிலையத்தில் சிக்கலாக மாறலாம்.

இவ்வளவு கடுமை ஏன்?

இதற்குப் பின்னால் ரத்தம் சிந்திய கதையும் இருக்கிறது. 1983 ஜூலையில், 'சோவியத் யூனியனின் வீரன்' பட்டம் பெற்ற துணை அட்மிரல் கியோர்கி கொலோஸ்த்யகோவ், மாஸ்கோவில் தன் வீட்டிலேயே மனைவியோடு கொல்லப்பட்டார். இதழியல் மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஜோடிதான் கொலை செய்தது. நோக்கம், அவருடைய பதக்கங்கள். போர் அனுபவம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நம்பி முதியவர்கள் கதவைத் திறந்தார்கள். அந்த ஜோடி வேறு பல வீரர்கள் வீட்டிலும் இதே பாணியில் திருடியது விசாரணையில் தெரியவந்தது.

மற்ற நாடுகளில்?

லிதுவேனியா 2008-லேயே சோவியத் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டத் தடை விதித்தது. லாட்வியா 2013-ல் பொது நிகழ்ச்சிகளில் தடை செய்தது. சோவியத் ஆட்சியை ஆக்கிரமிப்பாகப் பார்க்கும் நாடுகள் இவை. ரஷ்யாவின் கவலை பதக்கத்தின் மரியாதை. இவர்களின் கவலை, அந்தச் சின்னம் கிளறும் காயம்.

உக்ரைன் 2015-ல் கம்யூனிச, நாஜிச் சின்னங்கள் இரண்டையும் ஒரே சட்டத்தில் தடை செய்தது. சின்னங்களைத் தயாரித்துப் பரப்பினால் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் 1991 வரை வழங்கப்பட்ட சோவியத் விருதுகள், அருங்காட்சியகம், தனியார் சேகரிப்பு, பழம்பொருள் வணிகம் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்தது. தாத்தாவின் பதக்கத்தை வீட்டில் வைத்திருப்பது அங்கே குற்றமில்லை.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

விலை ஏறியதும் டூப்ளிகேட்டும் வந்துவிட்டது. முக்கியமாகப் பார்க்க வேண்டியவை:

* எண்ணும் வடிவமும் பொருந்துகிறதா? லெனின் விருது போன்றவை 1943-க்கு முன் திருகாணியோடு வந்தன, பிறகு ரிப்பனில் தொங்கவிடப்பட்டன. காலத்துக்குப் பொருந்தாத எண் இருந்தால் சந்தேகப்படணும்.
* பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண் பொறித்த தடம் இருக்கிறதா?
* சீருடை என்றால் உள்பக்கம் அளவும் ஆண்டும் போட்ட மை முத்திரை இருக்கிறதா?

இந்தியர்களுக்கும் கிடைத்ததா?

ஆமாம். 1984-ல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்கு 'சோவியத் யூனியனின் வீரன்' பட்டம் கிடைத்தது. அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, ஈரான் வழியாக சோவியத்துக்குப் பொருட்கள் கொண்டு சேர்த்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சுபேதார் நாராயண் ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் இருவரும் 'சிவப்பு நட்சத்திர' விருது பெற்றார்கள்.

இப்படி ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். அதனால் வாங்க நினைப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்டாலே போதும். இந்த நாட்டில் இது சட்டப்படி சரியா? இது யாருடையது, எப்படி இந்தக் கடைக்கு வந்தது? இரண்டாவது கேள்விக்கு விற்பவரிடம் பதில் இல்லை என்றால், வாங்காமல் வருவதே நல்லது.