சாயங்காலம் ஆனா இறுகுற மெட்டி

காப்பி எடுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. அன்னிக்கு நாலரைக்கு எடை போடுறப்ப, எங்க தோட்டத்துக்குப் பல வருஷமா வர்ற அக்கா ஒருத்தங்க கல்லு மேல உட்கார்ந்து கால் மெட்டியைத் திருகிக்கிட்டு இருந்தாங்க. கழலலை. காலையில சும்மா சுத்துன மெட்டி, சாயங்காலம் விரலோட இறுகிப் போச்சு. கணுக்கால்ல விரலை வச்சு அமுக்கிக் காட்டுனாங்க. குழி அப்படியே நின்னுச்சு.

"ராத்திரி படுத்தா வத்திரும் தம்பி. நாள் பூரா நின்னா வரத்தானே செய்யும்"னு சொல்லிட்டு, டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

வரத்தான் செய்யும். காலுக்கு இறங்குற ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைக்கால் சதை சுருங்கி விரியணும். நம்ம கிணத்து மோட்டார் மாதிரிதான். ரத்தக் குழாய்க்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கு, ஏறுன ரத்தத்தைத் திரும்பக் கீழ விடாம பிடிச்சுக்கும், புட் வால்வு கணக்கா. நடந்தா மோட்டார் ஓடும். நின்ன இடத்துலயே நின்னா ஓடாது, நீர் கணுக்கால்ல தேங்கும். வருஷக்கணக்கா இப்படியே போனா வால்வு கெட்டு நரம்பு சுருட்டிக்கும். சிலருக்குப் புண்ணு வந்து ஆறவே ஆறாது.

காப்பி பறிக்கிறது பார்க்க நடமாடுற வேலை மாதிரி இருக்கும். உண்மையில பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்க, சரிவுல ஒரு கால் மேல, ஒரு கால் கீழ ஊனி, ஒவ்வொரு செடிக்கிட்டயும் ரொம்ப நேரம் நிக்கணும். மிளகு எடுக்குறவங்க பாடு இன்னும் மோசம். சில்வர் ஓக் மரத்துல ஏணி சாத்தி, ஒத்தைக் குச்சி மேல பாதத்தை வச்சு நிக்கணும்.

கீழ சேலத்துல துணிக்கடையில நிக்கிற பிள்ளைகளுக்கு 2021-ல ஒரு சட்டம் வந்துச்சு. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, வேலை செய்யறவங்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே 2018-ல கேரளாவுல வந்துருச்சு. கோழிக்கோட்டு விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் கடைக்காரப் பெண்களைத் திரட்டிப் போராடுனதுதான் அதுக்குக் காரணம். பேக்டரிக்காரங்களுக்கோ 1948 சட்டத்துலயே இருந்துச்சு.

மலைக்கு வாங்க. காக்பர்ன் கலெக்டர் 1820கள்ல இங்க காப்பிச் செடி கொண்டாந்து இருநூறு வருஷம் ஆச்சு. 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிதண்ணி, கேண்டீன், பிள்ளைக் காப்பகம், குடை, கம்பளி, மழைக்கோட்டு வரைக்கும் பேசுச்சு. அதுவும் அஞ்சு ஹெக்டேரும் பதினஞ்சு ஆளும் இருக்குற எஸ்டேட்டுக்குத்தான். என்னை மாதிரி மூணு ஏக்கர்க்காரனை அது கேள்வி கேட்டதே இல்லை. அதனால சர்க்காரைக் கை காட்டிட்டு நான் தப்பிக்க முடியாது.

"உட்காராதீங்கன்னு யாரு சொன்னா?"ன்னு சக விவசாயி ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் அக்காகிட்ட உட்காரச் சொல்லிப் பார்த்தேன். "உட்கார்ந்தா என் கிலோவை யாரு பறிப்பா?"ன்னாங்க. அதுதான் விஷயம். கிலோ கணக்குக் கூலியில உட்கார்ற ஒவ்வொரு நிமிஷமும் அவங்க காசு. வெறும் பெஞ்சு போட்டுட்டு 'வசதி செஞ்சு கொடுத்தாச்சு'ன்னு நாம மீசையை முறுக்கிக்கலாம், ஒருத்தரும் உட்கார மாட்டாங்க.

என் கணக்கு இது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம், நாளைக்கு மூணு தடவை. எட்டு மணி நேரத்துல அரை மணி, அதாவது கூலியில பதினாறுல ஒரு பங்கு. கிலோக் காசு மேல அதைச் சேர்த்துக் கொடுக்கணும். காப்பி விலை இறங்குற வருஷம் இது கடிக்கும், மறைக்கலை. ஆனா ஆளே கிடைக்கலைன்னு வருஷா வருஷம் புலம்புறோமே, கால் போன ஆள் எப்படி வருவாங்க?

இன்னொன்னும் சொல்லிடறேன். எல்லா வீக்கமும் நின்னதால வர்றது இல்லை. காலையில எந்திரிச்சும் வத்தலைன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, இருதயம், கிட்னியைப் பார்க்கணும். ஒத்தைக் கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தம் கட்டியிருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிரஷருக்குக் கொடுக்குற அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்டச் சொன்னா மாத்திக் கொடுப்பார்.

விழுந்த சில்வர் ஓக் ஒன்னை அறுத்து, களத்துக்கிட்ட ரெண்டு, மேல் காட்டுல ஒன்னுன்னு பலகை போட்டிருக்கேன். அக்கா வந்து சுத்திப் பார்த்துட்டு, "இது யாருக்கு தம்பி, மேஸ்திரிக்கா?"ன்னு கேட்டாங்க.