மைக்கைக் கைமாற்றும் நேரம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, யோசிக்கவும் வைத்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காலையில் அவர் தவறாமல் கேட்கும் வானொலி நிகழ்ச்சியின் அறிவிப்பாளருக்கு வயதாகிவிட்டதாம். பெயர்களை மாற்றிச் சொல்கிறாராம், ஒரு பாட்டை அறிவித்துவிட்டு வேறு பாட்டைப் போடுகிறாராம், நடுநடுவே மூச்சு வாங்குகிறதாம். "யாராவது அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று ஒரு பக்கம் முழுக்க ஆதங்கம். மறுபக்கத்தின் அடியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, இப்படி ஒரு வரி: "ஆனால் அவரை எடுத்துவிட்டு வேறு யாரையாவது போட்டார்களென்றால் ரேடியோவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவேன்."

வானொலி கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த மனசு புரியும். முகம் தெரியாத ஒருவர் வருஷக்கணக்கில் நம் அடுக்களையில் வந்து பேசிக்கொண்டிருந்தால் அவர் உறவுக்காரராகவே ஆகிவிடுகிறார். வீட்டுப் பெரியவரின் ஞாபக மறதியைப் பற்றி நாமே அலுத்துக்கொள்வோம். அதையே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சண்டைக்குப் போவோம். ஆகவே, ஒரு குரல் எப்போது ஓய வேண்டும் என்பதை நேயர்களிடம் கேட்டு முடிவு செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். பாசம் காதை அடைத்துவிடும்.

அப்படியானால் யாரிடம் கேட்பது? விளையாட்டு வர்ணனை பக்கம் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். பாட்டு போடுகிறவர் தடுமாறினால் நேயருக்கே தெரிந்துவிடுகிறது. வர்ணனையாளர் தடுமாறினால் பல சமயம் தெரிவதே இல்லை. நூறு கஜத்துக்கு அப்பால் பந்தைப் பிடித்தவர் யார் என்பதை அவர் கண்தான் நமக்குச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்றவரைக் கல்லி என்று அவர் சொல்லிவிட்டால் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருப்பவருக்கு அது கல்லிதான். தொலைக்காட்சியில் இந்தச் சலுகை கிடையாது. பார்க்கிறவன் உடனே பிடித்துக்கொள்வான். வானொலியில் மங்கிய கண்ணோடும் சில வருஷம் ஓட்டிவிடலாம், கேட்கிறவர் சந்தேகப்படவே மாட்டார். அங்கிருந்து தானாக எழுந்து போவதற்கு அதனாலேயே அதிக நேர்மை வேண்டியிருக்கிறது.

ஜான் ஆர்லட் அப்படி எழுந்து போனவர். இங்கிலாந்தின் ஹாம்ஷயர்காரர், போலீஸ்காரராக இருந்து, கவிதை எழுதி, பிபிசியின் கீழைத்தேச ஒலிபரப்பில் இலக்கிய நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராகச் சேர்ந்தவர். 1946இல் பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனபோது, அந்த ஆட்டங்களைப் பற்றி இந்திய நேயர்களுக்குச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அங்கே தொடங்கியதுதான் அவருடைய வர்ணனை வாழ்க்கை. இங்கிலாந்தே கொண்டாடிய அந்தக் கரகரத்த நாட்டுப்புறக் குரல், முதலில் நம் ஊர்க்காரர்களுக்காகத்தான் மைக்கின் முன் உட்கார்ந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

1980இல், 66 வயதில், இந்தப் பருவத்தோடு சரி என்று அவர் முடிவு செய்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கடைசி டெஸ்ட், லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நூற்றாண்டு டெஸ்ட். செப்டம்பர் 2ஆம் தேதி, கடைசி நாள். பிபிசியின் வானொலி வர்ணனைக் குழுவில் ஆளுக்கு இருபது நிமிஷம் என்று முறை வைத்துப் பேசுவது வழக்கம். ஆர்லட் தன் முறை வந்ததும் பேசினார். ஓவர் முடிந்தது. அடுத்து டிரெவர் பெய்லி கருத்துச் சொல்வார், அவருக்குப் பிறகு கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ் வருவார் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அவ்வளவுதான். நன்றியுரை கிடையாது, தழுதழுப்பு கிடையாது. முப்பத்தைந்து கோடைகளுக்குப் பிறகு டெஸ்ட் வர்ணனையில் அவர் விட்டுப்போன கடைசிச் சொல், அடுத்து வருகிறவரின் பெயர்.

மைதானத்து ஒலிபெருக்கியில் செய்தியைச் சொன்னார்கள். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தி, வர்ணனையாளர் பெட்டியைப் பார்த்துத் திரும்பிக் கை தட்டினார்கள். மட்டை பிடித்துக்கொண்டிருந்த ஜெஃப்ரி பாய்காட் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார். பாய்காட்டின் கவனத்தைக் கிரீஸிலிருந்து திருப்ப எத்தனையோ வேகப்பந்து வீச்சாளர்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஆர்லட் அதன்பின் ஆல்டர்னி என்ற சின்னத் தீவில் போய்க் குடியேறி, எழுதிக்கொண்டிருந்து, 1991இல் காலமானார்.

எழுந்து போகும் நேரம் அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? எனக்கு ஒரு ஊகம் உண்டு. வர்ணனையாளர் பக்கத்தில் ஸ்கோரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்தக் குழுவில் 1966 முதல் பல்லாண்டு அந்த இடத்தில் இருந்தவர் தாடிக்கார பில் ஃபிரிண்டல். கலர் கலராகப் பேனாக்கள், கத்தையாகத் தாள்கள், ஒரு பந்து விடாமல் கணக்கு. வர்ணனையாளர் ஒரு ரன்னைக் கூட்டிச் சொன்னால் துண்டுச் சீட்டு நகரும். ஒருவருக்கு வயதாகிறது என்பது முதலில் அந்தப் பக்கத்து நாற்காலிக்குத்தான் தெரியும். துண்டுச் சீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். நம் ஆகாசவாணியிலும் டியூட்டி ரூமில் ஒருவர் ஒலிபரப்பை விடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பார். எந்த நிமிஷத்தில் யார் பிசகினார் என்பது அந்தப் பதிவில் இருக்கும். நேயர் மன்னித்துவிடுவார். நிர்வாகம் கேட்டுக்கொண்டே இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற துணிச்சல் உள்ளவருக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

வயதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக அதே பெட்டியில் இன்னொருவர் இருந்தார். பிரையன் ஜான்ஸ்டனை 1970இல் பிபிசி தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து கழற்றிவிட்டது. 1972இல் அறுபது வயது நிறைந்ததும் பிபிசியின் கிரிக்கெட் செய்தியாளர் பதவியும் விதிப்படி போயிற்று. மனுஷர் வானொலியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய சிறந்த காலம் அதற்கப்புறம்தான். நேயர்கள் அவருக்குக் கேக் செய்து அனுப்ப ஆரம்பித்து, அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1991இல் ஓவல் டெஸ்டில் போத்தம் ஸ்டம்பைத் தாண்டப் போய்ப் பெய்லைத் தட்டிவிட்டதைப் பற்றி சக வர்ணனையாளர் ஜோனதன் ஆக்னியூ விஷமமாக ஏதோ சொல்ல, ஜான்ஸ்டனுக்குச் சிரிப்பு பீறிட்டுப் பேச்சே வரவில்லை. நேரடி ஒலிபரப்பில் கீச்சுக் குரலில் சிரித்துச் சிரித்துத் திணறினார். அப்போது அவருக்கு வயது 79. காரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு என்பார்கள். 1994 ஜனவரியில் இறக்கும்வரை அவர் ஓய்வு பெறவே இல்லை. அறுபதோடு அவரை அனுப்பியிருந்தால் யாருக்கு லாபம்?

இனி, நிர்வாகமே கத்தியை எடுத்த கதை. இது அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தில் நடந்தது. விளையாட்டு பேஸ்பால். நமக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை, பரவாயில்லை. எர்னி ஹார்வெல் 1960 முதல் டைகர்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளர். அவரிடம் ஒரு குறும்பு உண்டு. பந்து பார்வையாளர் வரிசையில் போய் விழுந்தால், அதைப் பிடித்தவர் இன்ன ஊர்க்காரர் என்று மிச்சிகன் மாநிலத்தின் ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்வார். பிடித்தவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. சும்மா வாயில் வந்த ஊர். ஆனால் அந்த ஊரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிற பையனுக்கு எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். தன் ஊர் எப்போது வரும் என்று கோடை முழுக்கக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

1990 டிசம்பரில், அவருக்கு 72 வயது நடக்கும்போது, அடுத்த பருவத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவிப்பு வந்தது. குரல் கெடவில்லை. கேட்பவர்கள் குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. மாநிலமே கொதித்தது. நான் கனிவு காட்ட விரும்புவது ஹார்வெல்லுக்கு அல்ல, அவருக்குத்தான் ஊரே இருந்தது. 1992இல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த ரிக் ரிஸ், பாப் ராத்பன் இருவரையும்தான் நினைத்துக்கொள்கிறேன். இருவருமே தொழில் தெரிந்தவர்கள். முதல் நாள், முதல் பந்துக்கு வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் மீது வெறுப்பு குவிந்து கிடந்தது. யாரோ செய்த அவமரியாதைக்கு அவர்கள் வட்டி கட்டினார்கள். அந்த வருஷமே அணி கைமாறியது. விற்றவரும் பீட்சா கம்பெனிக்காரர், வாங்கியவரும் பீட்சா கம்பெனிக்காரர் என்பது உபரித் தகவல். புது முதலாளி 1993இல் ஹார்வெல்லைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்தார். பழையவரும் புதியவர்களும் ஒரே பெட்டியில்! 1994 முடிந்ததும் அந்த இரண்டு பேரும் டெட்ராய்ட்டை விட்டுப் போய்விட்டார்கள்.

ஹார்வெல் கடைசியில் 2002இல், 84 வயதில், அந்தப் பருவத் தொடக்கத்திலேயே தானாகச் சொல்லிவிட்டு விலகினார். இம்முறை டான் டிக்கர்சன் என்பவர் ஏற்கெனவே இரண்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஹார்வெல் இருந்த இடத்துக்கு அவர் வந்தபோது ஊரில் ஒரு சலசலப்பும் இல்லை. அதே நகரம், அதே நேயர்கள். முதல் தடவை வெடித்தது ஏன், இரண்டாம் தடவை அமைதியாக முடிந்தது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. புதிய குரல், பழைய குரலின் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும். பழையவரே அதைப் பெயர் சொல்லி அழைத்திருக்க வேண்டும். ஆர்லட் லார்ட்ஸில் ஒரு வரியில் செய்ததும் அதுதான் என்று தோன்றுகிறது.

தன் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்தவரும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி 67 பருவங்கள் பேசினார். 1950இல் 22 வயதில் அவர் சேர்ந்ததே ஹார்வெல் வேறு அணிக்குப் போனதால் காலியான இடத்தில். வயதானபின் முதலில் தொலைதூரப் பயணங்களை விட்டார், அப்புறம் பக்கத்து ஊர்களை. 2016இல் 88 வயதில் மீதியையும் விட்டார். அதற்குள் ஜோ டேவிஸ் என்ற இளைஞரின் குரல் வெளியூர் ஆட்டங்கள் வழியாக வீடுகளுக்குப் பழகிவிட்டிருந்தது.

நம் பக்கம் இந்தத் தலைவலியே பெரிதாக எழவில்லை. சர்க்கார் விதி பார்த்துக்கொண்டது. ஆகாசவாணி நிரந்தர ஊழியர்களுக்கு 58 வயது, 1998க்குப் பிறகு 60. மாலை போட்டு, சால்வை போர்த்தி, பிராவிடண்ட் ஃபண்ட் காகிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் 'இன்று ஒரு தகவல்' முடிந்தபின் தொலைக்காட்சிக்குப் போய் அதே நிதானத்தோடு கதை சொன்னார். சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்துவிட்டு ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் கழிந்தும், 2022இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது, தன் பெயரைச் சொல்லி அவர் செய்தியைத் தொடங்கும் விதத்தைப் பலர் அப்படியே சொல்லிக் காட்டினார்கள். அவருக்குப் பின் அந்தச் செய்தியை வாசித்தவர்கள் யார் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? விதி ஒருவரை அனுப்பிவைக்கும். அடுத்தவரை அறிமுகப்படுத்தி வைக்கும் வேலையை அது செய்யாது.

கடிதம் எழுதிய ஆசிரியருக்கு என் பதில் இது. ஐயா, உங்கள் அறிவிப்பாளரிடம் நீங்கள் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம். நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். அவரை எடுக்கச் சொல்லி எழுத வேண்டாம். அவர் பக்கத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது ஓர் இளம் குரலை உட்கார வைக்கச் சொல்லுங்கள். பாட்டின் பெயரை அந்தப் பிள்ளை சொல்லட்டும், அந்தப் பாட்டின் கதையைப் பெரியவர் சொல்லட்டும். எப்போது எழுந்திருப்பது என்பது அவருக்கே விளங்கிவிடும்.

பத்திரிகை நாற்காலியும் ஏறக்குறைய இந்த ரகம்தான். எங்கள் அலுவலகத்தில் எனக்குத் துண்டுச் சீட்டு நீட்டுகிறவர் பிழைதிருத்துநர். அண்மைக் காலமாக அவர் கொஞ்சம் அதிகமாகவே நீட்டுகிறார் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

வரும் இதழில் இதற்காகவே நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நீங்கள் நேசித்த வானொலிக் குரலைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டீர்கள். இந்தத் தடவை வேறொன்று எழுதுங்கள். அந்தக் குரலுக்கு அடுத்து வந்தவரைப் பற்றி. முதலில் அவரை எப்படித் திட்டினீர்கள், எந்த நிகழ்ச்சியில், எந்தப் பேச்சில் அவரையும் ஏற்றுக்கொண்டீர்கள் என்று. ஒரு பக்கத்துக்கு மிகாமல், உங்கள் ஊர்ப் பெயரோடு.

அன்புடன்,
ஆசிரியர்